பூங்கா வாசலில் பறிபோகும் கட்டுச்சோறு

குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் வந்தவர்களிடம் ராட்டினத்தைப் பற்றிக் கேளுங்கள், அலைக்குளத்தைப் பற்றிக் கேளுங்கள், வாய் ஓயாமல் சொல்வார்கள். மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நுழைவுச்சீட்டு விலையைக் குறை சொல்கிறோம், கூட்டத்தைக் குறை சொல்கிறோம். ஆனால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே வேறு போக்கிடம் இல்லாமல் செய்து, ஆறிப்போன சாப்பாட்டை மூன்று மடங்கு விலைக்கு நம் தலையில் கட்டுவதை மட்டும் 'பூங்கா என்றால் அப்படித்தான்' என்று விழுங்கிக்கொள்கிறோம். இனியும் அதை விழுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

இந்தப் பூங்காக்களின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர், இரண்டு குழந்தைகள் என்று எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்; மறக்க முடியாத குடும்ப விருந்து என்று கீழே எழுதியிருக்கும். குடும்பத்தோடு வெளியிடத்தில் உட்கார்ந்து உண்பது எப்படி என்பதை விளம்பரம் போட்டு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குச் சித்ரான்னங்களைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் நாம். காணும் பொங்கலன்று மெரினா மணலில் போர்வையை விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்து, பக்கத்துக் குடும்பத்துக் குழந்தைக்கும் ஒரு கை உருட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் நாம். குலதெய்வம் கோயிலுக்குப் போனாலும், ரயிலில் ஊருக்குப் போனாலும், முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். வெளியூர்ப் பயணத்தின் பாதி மகிழ்ச்சி அந்தச் சோற்று மூட்டையில்தான் இருக்கிறது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாவடு ஆகியவற்றை ஒரு மரத்தடியில் எல்லோரும் கூடி உண்ணும் அந்த அரை மணி நேரத்தைத்தான் குழந்தைகள் பெரியவர்களான பின்பும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் வாசலில் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் போன பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். விடியற்காலையிலேயே எழுந்து சமைத்த என் அம்மா, நான்கடுக்கு எவர்சில்வர் கேரியரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பை சோதிக்கும் மேசையில் காவலர் ஒவ்வோர் அடுக்காகத் திறந்து மோந்து பார்த்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருடைய கண் முன்னாலும் அது நடந்தது. "சாப்பாட்டை உள்ள விட மாட்டாங்கம்மா. இங்கேயே சாப்பிட்டுட்டுப் போங்க, இல்லேன்னா அந்த டிரம்ல கொட்டிடுங்க" என்றார். காலை பத்து மணிக்கு யார் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள்? வாசலுக்குப் பக்கத்தில் நீலநிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது. அதற்குள் இட்லிகள் கிடந்தன, சப்பாத்திச் சுருள்கள் கிடந்தன, யாரோ தாளித்துக் கொட்டிய கறிவேப்பிலை இன்னும் பச்சை மாறாத தயிர்சாதம் கிடந்தது. சோற்றைச் சிந்தினால் பொறுக்கி எடுக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண்மணியிடம், தன் கையால் சமைத்த சோற்றைத் தன் கையாலேயே அதில் கொட்டச் சொல்கிறார்கள். அந்தக் காவலர் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, யாரோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து போட்ட விதிக்காக நாள் முழுவதும் ஏச்சு வாங்கும் மனிதர் அவர். அந்த விதியைப் போட்டவர்கள் ஒரு நாளாவது அந்த டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

உள்ளே போனால் காசு செல்லாது. முதலில் ஒரு வரிசையில் நின்று அட்டை வாங்க வேண்டும், அதில் பணம் ஏற்ற வேண்டும், பிறகு இன்னொரு வரிசையில் நின்று அட்டையைக் காட்டி உணவுச்சீட்டு வாங்க வேண்டும், அந்தச் சீட்டோடு மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டும். அட்டையில் மிச்சமிருக்கும் பணத்தைத் திரும்பப் பெற மாலையில் நான்காவது வரிசை. பூங்கா மூடும் நேரத்தில் தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை பேர் அதில் நிற்பார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டுக்குச் சற்று முன்பு போட வேண்டிய மாத்திரையை, நான் உணவுச்சீட்டு வாங்கிவிட்டதைப் பார்த்து அவர் போட்டுக்கொண்டார். அதன் பிறகு தட்டு கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாத்திரை போட்டுவிட்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும் என்பது, அந்த நோய் உள்ள வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கத் தொடங்கியபோது, அருகிலிருந்த கடையில் ஒரு குளிர்பானத்தை வாங்க ஓடினேன். அங்கேயும் முதலில் அட்டையைக் கேட்டார்கள். வாசலில் நிறுத்திய கேரியர் மட்டும் கையில் இருந்திருந்தால் அவர் பன்னிரண்டரை மணிக்கே சாப்பிட்டு முடித்திருப்பார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரியாணி என்ற பெயரில் மஞ்சள் சாயம் ஏறிய சோறு, நூடுல்ஸ், எண்ணெய் வடியும் ஃபிரைட் ரைஸ், தக்காளி சாஸ் பொட்டலம். தமிழ்நாட்டில் நடக்கும் ஓர் உணவுக்கூடத்தில் ரசம் இல்லை, மோர் இல்லை, குழந்தைக்குக் காரமில்லாமல் ஊட்ட ஒரு பருப்புசாதம் இல்லை. நீச்சல் உடையின் ஈரத்தோடு முன்பு உட்கார்ந்திருந்தவர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார ஒரு மேசை கிடைக்காமல், அப்பாவும் அம்மாவும் ஒரு மூலையிலும், மனைவியும் மகளும் இன்னொரு மூலையிலும், நான் நின்றுகொண்டும் சாப்பிட்டோம். விளம்பரத்தில் சிரித்த குடும்பத்துக்கு இருந்த மேசை எங்கே போயிற்று? அந்த ஒரு வேளைக்கு ஆன செலவு 2,000 ரூபாயைத் தாண்டியது. வெளியே 20 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே 60 ரூபாய். வெளியே எந்தக் கடையிலும் நான் பார்த்திராத பெயர் அந்தப் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்தது. இலவசக் குடிநீர்க் குழாய் எங்கே என்று கேட்டதற்குக் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

வெளி உணவை ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்டால் சுத்தம் என்பார்கள், பிளாஸ்டிக் என்பார்கள், வெளி உணவால் யாருக்காவது உடம்புக்கு வந்தால் பொறுப்பு எங்கள் தலையில் விழும் என்பார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. எவர்சில்வர் கேரியர் அந்தத் தடையில் வராது. மாறாக, அன்று நான் அந்த வளாகத்தில் பார்த்த குப்பை எல்லாம் அவர்கள் விற்ற சாஸ் பொட்டலமும், காகிதக் கோப்பையும், ஐஸ்கிரீம் உறையும்தான். சாராயம் கொண்டு வருவார்கள் என்றால் சாராயத்தைத் தடுங்கள். கண்ணாடிப் பாட்டில் உடையும் என்றால் கண்ணாடியைத் தடுங்கள். தயிர்சாதத்தில் என்ன ஆபத்தைக் கண்டீர்கள்?

உலகத்தில் பிற இடங்களிலும் இப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். உண்மை அப்படியில்லை. இந்தத் தொழிலுக்கே முன்னோடி என்று சொல்லப்படும் டிஸ்னிலேண்ட், 1955-இல் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்டது. அங்கே குடும்பங்கள் தங்கள் உணவைக் கொண்டுபோகலாம், கண்ணாடிக் கலமும் மதுவும்தான் கூடாது. டோக்கியோவிலுள்ள டிஸ்னி பூங்காவில் வெளி உணவுக்குத் தடை உண்டு என்றாலும், கட்டுச்சோறு உண்பதற்கென்றே வாசலுக்கு வெளியே ஓரிடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். ஷாங்காயில் நடந்ததை நம் ஊரில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள டிஸ்னி பூங்காவில், சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் கொண்டு போன நொறுக்குத்தீனியை வாசலில் தடுத்தார்கள். 50 யுவான்கூடப் பெறாத அந்தத் தீனிக்காக அவர் 2019-இல் வழக்குத் தொடுத்தார். பத்திரிகைகளும் பொதுமக்களும் அவர் பக்கம் நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பூங்கா தன் விதியை மாற்றி, சூடுபடுத்தவோ குளிரில் வைக்கவோ தேவையில்லாத உணவைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம் என்று அறிவித்தது. வழக்கும் சமரசத்தில் முடிந்தது. ஒரு மாணவியின் பிடிவாதத்துக்கு அவ்வளவு பெரிய நிறுவனம் இறங்கி வந்தது என்றால், ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக வந்து பணம் கட்டும் நம்மால் ஏன் முடியாது?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் தொடர்பாக அளித்த தீர்ப்பைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். வெளி உணவை அனுமதிக்க வேண்டும் என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்து, அரங்கம் உரிமையாளரின் சொத்து, விதி வகுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அதே வழக்கில்தான், திரையரங்கில் சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் பதிவாயின. இந்தப் பாதியைப் பூங்காக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமாக, திரையரங்கு மூன்று மணி நேரத்து விஷயம். பசித்தால் படம் முடிந்து வெளியே வந்து எதிரிலிருக்கும் கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். பூங்காவோ காலையில் உள்ளே விட்டு, வெளியே போனால் மறுபடி அனுமதியில்லை என்று கையில் பட்டை கட்டி, மாலை வரை அடைத்துவைக்கும் இடம். மதிய உணவு நேரம் முழுவதும் ஒருவரைத் தன் வளாகத்துக்குள் வைத்திருக்கிறவர், ஒன்று அவர் தன் சோற்றைக் கொண்டுவர விட வேண்டும், அல்லது நியாயமான விலைக்கு உண்ணத்தக்க சோற்றைப் போட வேண்டும். இரண்டையும் மறுப்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, பகல் கொள்ளை.

இதில் என்னை மிகவும் கொதிக்க வைப்பது இன்னொன்று. 2018 ஜனவரியில் கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குழந்தைகளும் குடும்பங்களும் கூடி மகிழும் இடங்கள் இவை என்பதுதான் அந்தக் குறைப்புக்காக முன்வைக்கப்பட்ட வாதம். வரிச் சலுகை கேட்கும்போது குடும்பம் வேண்டும், அந்தக் குடும்பத்தின் கேரியர் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளிகள், முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கான உணவை மருத்துவச் சீட்டு, சான்றிதழ் என்று இழுத்தடிக்காமல் உள்ளே விடுங்கள். மற்றவர்களுடைய உணவை உள்ளே விட மனமில்லை என்றால், வாசலை ஒட்டிப் பத்து மேசைகளும், கை கழுவக் குழாயும், மேலே ஒரு கூரையும் போட்டு, கேரியரைப் பத்திரமாக வைக்க ஓர் அலமாரியும் கொடுத்து, மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அனுமதியுங்கள். உணவுக்கூடத்தின் விலைப்பட்டியலையும், வெளி உணவுக்கான தடையையும், நிபந்தனைகளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல், பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள். அட்டையில் மிஞ்சும் பணத்தை, அது வந்த கணக்குக்கே தானாகத் திருப்பி அனுப்புங்கள்.

இதே அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருந்தால், ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உணவு வணிகரின் 14 இலக்க உரிம எண் ரசீதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். அது இல்லாவிட்டால் அதுவே ஒரு புகார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. உணவுச்சீட்டு வாங்கிய நேரம், தட்டு வந்த நேரம், தண்ணீர்ப் பாட்டிலின் விலை, என் அப்பாவின் மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து நான் என் புகாரைப் பதிந்துவிட்டேன். பதில் வரும்வரை அந்தப் பூங்காவின் வாசலை எங்கள் குடும்பம் மிதிப்பதாக இல்லை.