கீஸ்லோவ்ஸ்கி ஆவணப்படத்தை விட்டது தடையால் அல்ல

போலந்து அரசு தடை விதித்ததால்தான் அந்நாட்டுத் திரைப்பட இயக்குநர் கிஷ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி ஆவணப்படங்களை விட்டுவிட்டுக் கதைப்படங்களுக்குப் போனார் என்று சொல்லப்படுவதுண்டு. தணிக்கைத் தொல்லை அவருக்கு இருந்தது, அது உண்மை. ஆனால் விலகியதற்கு அவர் சொன்ன முக்கியக் காரணம் வேறு.

1980-இல் வந்த 'ஸ்டேஷன்' ஆவணப்படத்துக்காக வார்சா மத்திய ரயில் நிலையத்தில் இரவில் படம் பிடித்தார்கள். ஒருநாள் காவல்துறை வந்து சுருள்களை எடுத்துப்போனது. தாயைக் கொன்று, உடலைப் பெட்டிகளில் வைத்து அந்நிலையத்தின் லாக்கர்களில் போட்ட ஒரு பெண் அதில் பதிவாகியிருக்கிறாளா என்று பார்க்கத்தான். அவள் பதிவாகவில்லை, சுருள்களும் திரும்பி வந்தன. ஆனால் பதிவாகியிருந்தால், கீஸ்லோவ்ஸ்கி விரும்பாமலே காவல்துறைக்கு உதவியவராக ஆகியிருப்பார். அந்த எண்ணம்தான் அவரை உலுக்கியது. எனக்கு இது தடையைவிடக் கனமான காரணமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு காவலாளியைப் பற்றி 1977-இல் எடுத்த ஆவணப்படத்தைத் தொலைக்காட்சியில் போட வேண்டாம் என்று சொன்னவர் கீஸ்லோவ்ஸ்கியே. அந்த மனிதருக்குப் பாதிப்பு வரும் என்ற கவலை.

சரிபார்ப்பது எளிது. டனுஷா ஸ்டாக் தொகுத்த 'கீஸ்லோவ்ஸ்கி ஆன் கீஸ்லோவ்ஸ்கி' நூலில் இதை அவர் வாயாலேயே படிக்கலாம். அப்புறம், அவருடைய படப்பட்டியலில் ஆண்டுகளைப் பாருங்கள்: 'தி ஸ்கார்' 1976, 'கேமரா பஃப்' 1979. ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே கதைப்படங்களும் எடுத்திருக்கிறார். 1981-இல் எடுத்து 1987 வரை முடக்கப்பட்ட 'பிளைண்ட் சான்ஸ்' கதைப்படம்தான்; அதாவது, கதைப்படத்துக்குப் போனாலும் தடை அவரை விடவில்லை.