டான் ஃபாக்ஸுக்கு ஒரு வரிதானா?

வேக்ஃபீல்ட் டிரினிட்டி ரக்பி லீக் அணியின் வரலாற்றை எழுதிய கட்டுரையாளர், டான் ஃபாக்ஸை “உதையைத் தவறவிட்டவர்” என்று ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க மனம் வரவில்லை. 1968 மே 11, வெம்ப்ளி. லீட்ஸுக்கு எதிரான சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டி. மழையில் மைதானம் குளமாகக் கிடந்தது. கடைசி நேரத்தில் டிரினிட்டியின் கென் ஹர்ஸ்ட் எடுத்த டிரையால் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளிகள்) 11-10; லீட்ஸ் ஒரே புள்ளி முன்னிலை. டிரைக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளிக்கான உதை, கம்பங்களுக்கு நேர் எதிரே, டானுக்கு. உள்ளே போயிருந்தால் கோப்பை. பந்து விலகிப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் விருதைப் பெற்றவரும் அவரேதான்! அதை எப்படி விட்டீர்கள்? 1960 இறுதிப்போட்டியில் தனியாளாக 20 புள்ளிகள் எடுத்த தம்பி நீல், காயத்தால் இந்த 1968 போட்டியில் ஆடவில்லை. அவர் உதைக்க வேண்டிய சுமையும் அண்ணன் காலில்தான் விழுந்தது. தயவுசெய்து இதையும் சேர்த்து எழுதுங்கள்.