யார் பேச்சு யார் பக்கம் சாய்கிறது?

வெளியூரில் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் நாம் முதலில் பிடித்துக்கொள்வது அவர்கள் பேச்சைத்தான். "என்ன, பேச்செல்லாம் ஒரு தினுசா இருக்கு?" என்று ஆரம்பித்து "சும்மா சீன் போடுறா" என்று முடிப்போம். என் அக்கா மகள் கோவையில் படிக்கிறாள். போன பொங்கலுக்குத் திருநெல்வேலி வந்தவள் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க' போட்டாள், வாக்கியத்தின் கடைசியைக் கொஞ்சம் இழுத்தாள். "ஏட்டி, கோயம்புத்தூர்க்காரி ஆயிட்டியோ?" என்று ஒருவர் தொடங்க, வீடே அவளைப் போலப் பேசிக் காட்டியது. சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அவள் எந்த சீனும் போடவில்லை. விடுதி அறையிலும் கேன்டீனிலும் கூட இருந்தவர்களைக் கவனித்துக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். கேட்பவர் பேச்சு கேட்டதன் பக்கம் சாயும். அது மனிதர்களுக்கு இயல்பு என்று எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களின் வேகம், சத்தம், சுருதி, நடுவே விடுகிற இடைவெளி, உயிரெழுத்தை ஒலிக்கும் விதம் என்று பலதும் ஒன்றையொன்று நெருங்கும். எல்லாம் ஒரே அளவில் நகராது, சில நேரம் சிலது விலகியும் போகும். 1998-இல் ஸ்டீபன் கோல்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். ஆட்களை முதலில் சில சொற்களைத் திரையில் பார்த்து வாசிக்கச் சொன்னார். அப்புறம் அதே சொற்களை வேறொருவர் குரலில் கேட்கவைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அந்தக் குரலைப் போலப் பேசுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு பதிவுகளையும் கேட்ட மூன்றாம் ஆட்கள், திருப்பிச் சொன்னதுதான் அந்தக் குரலுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று அடையாளம் காட்டினார்கள். அதிகம் புழங்காத சொற்களில் இந்த நெருக்கம் கூடுதலாகத் தெரிந்தது.

ஜெனிஃபர் பார்டோ 2006-இல் இதையே உண்மையான உரையாடலில் பார்த்தார். ஒருவர் கையில் வழி வரைந்த வரைபடம், இன்னொருவர் கையில் வழி இல்லாத வரைபடம். முதலாமவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். வழி கண்டுபிடிப்பதில் மட்டுமே கவனம் இருந்த அந்த வேலைக்குள் இருவர் உச்சரிப்பும் நெருங்கியது, பேச்சு முடிந்த பிறகும் அதன் தடம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது குனிகோ நீல்சன் 2011-இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 'பென்' என்று சொல்லும்போது உதடு பிரிந்ததும் சின்னதாக ஒரு காற்று வரும், அதற்குப் பிறகுதான் குரல் தொடங்கும். அந்தக் காற்று நேரத்தைக் கணினியில் நீட்டி ஆட்களைக் கேட்கவைத்தார். பிறகு அவர்களை வாசிக்கச் சொன்னபோது அவர்களுடைய 'ப'வும் நீண்டிருந்தது. கேட்கவே கேட்காத சொற்களில் வந்த 'க'வும்கூட நீண்டிருந்தது. ஆனால் அந்த நேரத்தைச் சுருக்கிக் கேட்கவைத்தபோது யாரும் பின்தொடரவில்லை. சுருக்கினால் அந்த 'ப', 'கம்பு' என்பதில் நாம் சொல்கிற 'ப'வின் பக்கம் போய்விடும், ஆங்கிலத்தில் பொருளே மாறிவிடும். தன்னறியாமல் நடக்கிற விஷயத்துக்குள்ளும் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்ற ஒரு நிதானம் இருக்கிறது பாருங்கள். கிளிப்பிள்ளை வேலை என்று இதை எப்படிச் சொல்வது?

மனதுக்கும் இதில் பங்கு உண்டு. மாலி பேபல் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நியூசிலாந்துக்காரர்கள் ஓர் ஆஸ்திரேலியரின் குரலைக் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். சிலரிடம் அவர் நியூசிலாந்தைப் புகழ்பவர் என்றும், சிலரிடம் இகழ்பவர் என்றும் சொல்லிவைத்தார்கள். அதனால் பெரிய வித்தியாசம் வரவில்லை. உள்ளுக்குள் ஆஸ்திரேலியா மீது யாருக்கு ஒட்டுதல் இருந்ததோ அவர்களின் உயிரொலிகள்தான் அதிகம் நகர்ந்தன.

ஒட்டுதல் அறுந்தால் நேர்மாறாகவும் நடக்கும். 1977-இல் ரிச்சர்ட் பூரிஸ், ஹோவர்ட் கைல்ஸ் இருவரும் வேல்ஸில் செய்த சோதனையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெல்ஷ் மொழியை ஆர்வத்தோடு கற்றுக்கொண்டிருந்த பெரியவர்களிடம், மேட்டுக்குடி ஆங்கில உச்சரிப்பில் ஒரு குரல், எதிர்காலமே இல்லாத சாகப்போகிற மொழியை ஏன் படிக்கிறீர்கள் என்ற தோரணையில் கேட்டது. பதில் சொல்ல வந்தவர்களின் ஆங்கிலத்தில் வெல்ஷ் வாடை முன்பைவிடக் கூடியது. ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒலிவாங்கியில் மெல்லிய குரலில் வெல்ஷ் வினைச்சொற்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். மொழிக்காக நின்ற ஊரில் பிறந்த நமக்கு அந்தப் பெண்ணைப் புரிந்துகொள்ள விளக்கவுரை வேண்டாம்.

சரி, இருவர் பேச்சு நெருங்குகிறது என்றால் இருவரும் பாதிப் பாதி தூரம் நடக்கிறார்களா? இல்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். 1996-இல் கிரெகரி, வெப்ஸ்டர் என்ற இருவர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியாளர் லாரி கிங் 25 விருந்தினர்களோடு பேசியதை எடுத்து, குரலின் அடித்தள அதிர்வை மட்டும் அளந்தார்கள். தன்னைவிட அந்தஸ்தில் பெரியவர் எதிரே இருந்தால் கிங்கின் குரல் அவர் பக்கம் போனது. குறைந்தவர் என்றால் அவர் குரல் கிங் பக்கம் வந்தது. சொற்களே காதில் விழாத அந்த அதிர்வில்கூட யார் பெரியவர் என்பது பதிவாகியிருக்கிறது.

மேலே இருப்பவர்கள் நகர்வதே இல்லை என்று சொல்லவில்லை. எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950-களிலிருந்து 1980-கள்வரை ஒப்பிட்டு ஜோனதன் ஹாரிங்டன் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ராணியின் உயிரொலிகளும் தென் இங்கிலாந்தின் பொதுப் பேச்சை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தன. ராணிக்கு முப்பது வருடத்தில் கொஞ்சம் ஆனது என் அக்கா மகளுக்கு ஒரு வருடத்தில் நிறைய ஆகிறது. மாறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நெருக்கடி ராணிக்கு இல்லை, விடுதிப் பிள்ளைக்கு இருக்கிறது.

நம் ஊரில் வீடு வாடகைக்குக் கேட்டு போன் செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் என்ன சாதியோ, தன் சொல்லிலிருந்து அவர் எதைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற யோசனையில் பொதுப் பேச்சுக்குள் தன்னை மறைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! எதிர்முனைக்காரருக்கு அந்த யோசனையே வராது. தன் பேச்சு எப்படி ஒலிக்கிறது என்று வாழ்க்கையில் நினைத்தே பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய சலுகை என்று அதை அனுபவிப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மற்றவர் பேச்சைக் கேலி செய்வதில் அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

ஈழத்தமிழர்கள் விஷயத்தில் இந்தச் சலுகைக்காரர்கள் நாம், தமிழ்நாட்டுத் தமிழர்கள் எல்லாரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையில் வாழ்கிற எத்தனையோ பேர் கடையிலும் ஆட்டோவிலும் நம் மாதிரியே பேசிவிட்டு, வீட்டுக்குள் போனதும் தங்கள் பேச்சுக்குத் திரும்புகிறார்கள். 'வாறன்' வெளியே 'வர்றேன்' ஆகிறது, 'கதைச்சனான்' என்பது 'பேசினேன்' ஆகிறது. சொல்லை மாற்றுவது எளிது, ஒலியை மாற்றுவதுதான் பெரும்பாடு. நாம் 'டொரன்டோ' என்று எழுதுகிற ஊரை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவார்கள். ஆங்கில 't' போல நாக்கு நுனி பல்லீற்றைத் தொட்டு வருகிற அந்த ஒலிக்கு அவர்கள் பேச்சில் தனி இடம் இருக்கிறது. நாம் அதை நாக்கை மடித்து 'ட' ஆக்கிவிட்டோம். நம்மோடு பேசும்போது அவர்கள் அந்த இடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் என்ன விட்டுக்கொடுத்தோம்? "மலையாளம் மாதிரி இருக்கே" என்றோம். "நம்ம தமிழ்ல சொல்லுங்க" என்றோம். அவர்கள் நம் சினிமாவையும் வார இதழ்களையும் பார்த்தும் படித்தும் வளர்ந்ததால் நம் பேச்சு அவர்களுக்கு முன்பே பழக்கம், அதனால் அவர்கள் நகர்வது எளிது என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. அவர்கள் பேச்சை அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்கும் அவசியம் நமக்கு வரவில்லை என்பது மீதிப் பாதி.

அந்த அவசியத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். கூட வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரரோ, மட்டக்களப்புக்காரரோ பேசும்போது புரியாத இடத்தில் மட்டும் நிறுத்திக் கேளுங்கள். "உங்க ஊர்ல பேசுற மாதிரியே பேசுங்க, எனக்குப் புரியும், புரியாட்டி கேட்டுக்கிறேன்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். முதல் வாரம் அவர் நம்பவில்லை, 'வர்றேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக 'வாறன்' வந்தது. இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பேச்சிலும் அவர் ராகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பக்கத்து இருக்கைக்காரர்கள் சொல்கிறார்கள்.