ஆயிரம் ரூபாய் இருக்கட்டும், போர்டு எங்கே?

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதிவேகம் என்று எங்கள் காருக்கு வந்த ஆயிரம் ரூபாய் சலானைப் (அபராத நோட்டீஸ்) பற்றிச் செவ்வாய்க்கிழமை போட்ட பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் கேட்டதற்கு அங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. கேட்டது கேள்வி, கிடைத்ததெல்லாம் அறிவுரை. எங்கள் பெரியப்பா மகன் ஒரு படி மேலே போய், பதிவின் முதல் நாலு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, "நம்ம வீட்டு ஃபார்முலா ஒன்" என்று எழுதிச் சிரிக்கிற முகங்களையும் வரிசையாக வைத்திருக்கிறார். அண்ணா, உங்களிடம் அப்புறம் வருகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அபராதம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரம்பு எவ்வளவு என்று ஓட்டுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைத்துவிட்டு, முன்னால் கேமரா இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எடுத்த படத்தையும் தெளிவாகக் காட்டிவிட்டுப் போடுங்கள். இவ்வளவுதான். இதைக் கேட்டால் நான் சட்டத்தை மதிக்காதவளாம்.

முதலில் மெசேஜ் வந்தது வீட்டுக்காரர் போனுக்கு, ஏனென்றால் வண்டி அவர் பேரில் இருக்கிறது. சலான் பேரைச் சொல்லி ஏபிகே (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) அனுப்பிப் பணத்தைச் சுருட்டுகிற கும்பல் ஊரெல்லாம் இருப்பதால் அவர் அந்த லிங்கைத் தொடவே இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, நாங்களே அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தோம். உண்மையான சலான்தான். படம் என்று ஒன்று இருந்தது. மாலை வெயில் எதிரே அடித்து வண்டி வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. நம்பர் பிளேட்டை மட்டும் தனியாக வெட்டி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு கார் பாதி தெரிகிறது, கருவி அளந்தது எங்கள் வண்டியையா அதையா என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. வேகம் 71. இடம் என்ற கட்டத்தில் 'பைபாஸ் ரோடு'. எந்த ஊர் பைபாஸ், எந்தப் பக்கம், எத்தனையாவது கிலோமீட்டர், ஒன்றும் கிடையாது. பைபாஸ் இல்லாத ஊர் இன்றைக்கு எது?

தேதியை வைத்துத்தான் கண்டுபிடித்தோம், தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய நாள். ஓட்டியது நான். ஊர் பேரை எழுதப் போவதில்லை, எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் தனியாகச் சண்டைக்கு வருவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு அங்கே போய்ப் பார்த்தேன். வேக வரம்பு போர்டு இருக்கத்தான் செய்கிறது. அதன் கம்பத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா ஃபிளக்ஸைக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 50 என்ற எண் முழுசாக உள்ளே போய்விட்டது. சிவப்பு வளையத்தின் மேல்பாதி மட்டும் தாய்மாமன் ஒருத்தர் தலைக்குப் பின்னால் சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி நிற்கிறது. "அன்றைக்கும் ஃபிளக்ஸ் இருந்ததா?" என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார், நல்ல கேள்வி. ஃபிளக்ஸில் போட்டிருக்கும் விழா தேதி நான் அந்த வழியாக வந்ததற்கு மூன்று நாள் முன்னால். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கிற போர்டு? ரெண்டு பக்கமும் போய்ப் பார்த்தாகிவிட்டது, இல்லவே இல்லை.

இது என் ஆசைக்குக் கேட்கிற சலுகை இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 136ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், கருவி வைத்துக் கண்காணிப்பதற்காக. அதன் கீழே 2021 ஆகஸ்டில் 167ஏ விதி வந்தது. ஸ்பீடு கேமரா, ஸ்பீடு கன் எல்லாம் அதில் அடக்கம். கண்காணிக்கிற பகுதிக்கு முன்னால் எச்சரிக்கை போர்டு தெளிவாக இருக்க வேண்டும். கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சலானில் படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எனக்குத் தை மாதச் சம்பவத்துக்குப் பங்குனியில் மெசேஜ் வருகிறது. 71-ல் போனால் தப்பு என்று எனக்குச் சொல்லித்தருகிற விதிப் புத்தகத்தில்தானே இதுவும் அச்சாகியிருக்கிறது? என் பக்கம் மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவீர்களா?

அடுத்தது "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிட்டுப் போங்க மேடம்" கட்சி. இவர்கள்தான் அதிகம். இவர்களிடம்தான் எனக்குக் கோபமும் அதிகம். 2019-க்கு முன்னால் இதே சட்டத்தில், அதிவேகத்துக்கான 183-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 400 ரூபாய் வரைதான். திருத்தத்துக்கு அப்புறம் காருக்கு 1000-லிருந்து 2000, லாரி பஸ்ஸுக்கு 2000-லிருந்து 4000. தமிழ்நாட்டில் புது அபராதக் கட்டணங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. சரி, காசை விடுங்கள். ரெண்டாவது தடவை மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ரெண்டாவது வரை காத்திருக்கவும் வேண்டாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே, அதிவேகத்துக்கு மூன்று மாதமாவது லைசென்ஸை நிறுத்தி வையுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அப்படி நிறுத்துவதற்கு முன்னால் நம் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் இருக்கிறது, அது வேறு விஷயம். இப்போது வாயை மூடிக்கொண்டு கட்டினால் அது முதல் குற்றமாகப் பதிவாகிறது. யார் கணக்கில்? ஓட்டியது நான், சலான் அவர் பேரில். செய்யாத தப்புக்கு என் வீட்டுக்காரர் முதல் குற்றவாளி ஆகிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டுமா? ஆயிரம் ரூபாய்தானே என்கிறவர்கள் இதில் எதையாவது யோசித்தீர்களா?

"இருபது வருஷமா ஓட்டுறவங்களுக்கு வரம்பு தெரியாதா?" என்று இன்னொரு கமெண்ட். தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30. இதைக் கூகுள் பார்க்காமல் சொல்லக்கூடியவர் கையைத் தூக்குங்கள். 2018-ல் மத்திய அரசு எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120 வரை போகலாம் என்றது. 2021-ல் அந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வரம்பு ரோட்டுக்கு ரோடு மாறும், வண்டிக்கு வண்டி மாறும், வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால்தான் போர்டு என்று ஒன்றை வைக்கிறார்கள். தாய்மாமன் போட்டோ மாட்டுவதற்கு அல்ல.

ஒரு தோழி மட்டும் எனக்கு உறைக்கிற மாதிரி எழுதியிருந்தாள். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகக் கணக்கில், உனக்கு போர்டு பிரச்சினையா என்று. எண்ணில் தப்பில்லை, அரசு அறிக்கையில் இருப்பதுதான். அவளுடைய தம்பி எப்படிப் போனான் என்று எனக்குத் தெரியும், அதனால் அவளிடம் வாதம் செய்யப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உயிர்தான் முக்கியம் என்றால் ஐம்பதுக்கு மேல் போகாதே என்று முன்கூட்டியே கத்திச் சொல்வதுதானே உயிரைக் காப்பாற்றும்? ஒளிந்திருந்து படம் எடுத்து ரெண்டு மாதம் கழித்து அனுப்பினால் அன்றைக்கு யார் வேகம் குறைந்தது?

எங்கள் அப்பா பஸ் டிரைவர். ஒரு தடவை யாரோ ஒரு பயணி, கண்ணுமண்ணு தெரியாமல் ஓட்டினார் என்று எழுதிப் போட்டு, டெப்போவில் மெமோ கொடுத்துவிட்டார்கள். அப்பா விளக்கம் என்று கதை எழுதவில்லை. டைம் கீப்பர் கையெழுத்துப் போட்ட டிரிப் ஷீட்டைப் பின்குத்தி, கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று மூன்று வரி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு முப்பத்திரண்டு வந்தது. கீழே, "நீங்கள் கொடுத்திருக்கும் ரன்னிங் டைமுக்கு நான் லேட்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். மெமோ கிடப்பில் போனது, தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. "நீ வேகமா வந்தேன்னு சொல்றவன், எத்தனைல வந்தேன்னும் சொல்லணும்" என்பார் அப்பா. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வேகமாக வந்த மாதிரி இருந்தது என்று ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து 183-ல் தண்டிக்க முடியாது, கருவி அளந்திருக்க வேண்டும். அளந்ததை அளந்த மாதிரி காட்டு என்று கேட்டால் எனக்குத் திமிரா?

இப்போது அண்ணனிடம் வருகிறேன். "பொம்பளைங்க கையில ஸ்டியரிங் கொடுத்தா இப்படித்தான்" என்று குரூப்பில் எழுதினீர்களே, அதற்குக் கட்டைவிரல் போட்டவர்கள் பேரெல்லாம் என்னிடம் இருக்கிறது. பதினேழு வயசில் உங்கள் பையன் புல்லட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மாட்டினானே, அப்போது யாருக்குப் போன் போட்டு எப்படிக் கூட்டி வந்தீர்கள்? 199ஏ பிரிவின்படி, பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் வண்டிக்குச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். அந்த ஸ்கிரீன்ஷாட்டை யாரும் குரூப்பில் போடவில்லை, நானும் போடவில்லை. பெரியம்மாவுக்கு மூச்சுத் திணறி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்க முடியாது என்று நீங்கள் கூப்பிட்டது யாரை? அன்றைக்கு ஸ்டியரிங் யார் கையில் இருந்தது? அப்போது எத்தனையில் போனேன் என்று நீங்களும் கேட்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "சீக்கிரம் போம்மா, சீக்கிரம் போம்மா" என்றுதான் சொன்னீர்கள்.

சலானை நாங்கள் கட்டவில்லை. எதிர்த்து வழக்காடுகிறோம் என்றுதான் கொடுத்திருக்கிறோம், கோர்ட்டுக்குப் போகும். வக்கீல் செலவு ஆயிரத்தைத் தாண்டும் என்று எனக்கும் கணக்குத் தெரியும், அதை யாரும் கமெண்டில் எழுத வேண்டாம். இதே மாதிரி இடம் பேரே இல்லாத 'பைபாஸ் ரோடு' சலான் வந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். சம்பவத் தேதி, மெசேஜ் வந்த தேதி, படம், மூன்றும் வேண்டும். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு அனுப்புங்கள், போதும்.