பொம்மை வண்டியாம்!

சனிக்கிழமை விழாவில் அந்த அண்ணர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னதை எல்லோரும் கேட்டீர்கள். கைதட்டியவர்களில் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள். "ஓடிய ரயிலை நிறுத்திவிட்டுக் குரொய்டனில் பொம்மை வண்டி விட்டிருக்கிறார்கள்." தென் லண்டனில் இருக்கும் குரொய்டனில், தெருவில் பதித்த தண்டவாளத்திலும் ஓடும் மின்வண்டியான டிராமைத்தான் அப்படிச் சொன்னார். நல்ல நகைச்சுவைதான்.

எந்த ரயில் அண்ணா? விம்பிள்டன் - மேற்குக் குரொய்டன் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். 1997இல் மூடினார்கள். குரொய்டனின் வூட்சைட் நிலையத்திலிருந்து தெற்கே போன பாதை 1983இலேயே மூடப்பட்டுச் சும்மா கிடந்தது. இந்த இரண்டையும் எடுத்து, நகர நடுவே தெருவில் தண்டவாளம் பதித்து, 2000 மே மாதம் டிராம் விட்டார்கள். ரயில் நிலையத்தோடு நின்றுகொண்டது. டிராம் கடைத்தெருவுக்குள் வருகிறது. ரயிலே எட்டிப் பார்க்காத நியூ அடிங்டனுக்கும் போகிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கிடந்த பாதையை ஊருக்குள் இழுத்து வந்தார்கள்.

அந்தப் பழைய ரயிலில் நான் போயிருக்கிறேன். ஒன்றைத் தவறவிட்டால், குளிரில் அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட நடப்பது மேல் என்று பெற்றோல் நிலைய இரவு வேலைக்கு நடந்தே போவேன். பின்னாளில் இங்கே வந்த அம்மா, முழங்கால் வலியோடும் படி ஏறாமல் டிராமில் ஏறி, விம்பிள்டனில் இறங்கிப் பிள்ளையார் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தார். என்னைக் கார் எடுக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை.

செலவு என்பீர்கள். புதிதாகச் சுரங்க ரயில் பாதை தோண்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள், போதும்.

சாண்டிலண்ட்ஸ் விபத்து என்பீர்கள். அதைச் சிரித்துக்கொண்டே இழுக்காதீர்கள். 2016 நவம்பர் 9 காலை அங்கே டிராம் கவிழ்ந்து ஏழு பேர் செத்தார்கள். பழைய ரயில் சுரங்கத்தை விட்டுத் திரும்பும் வளைவு அது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகவேண்டிய இடத்தில் 70ஐத் தாண்டிப் போனது. வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியைப் பிறகுதான் பொருத்தினார்கள். முன்பே செய்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அன்று அதில் இருந்தவர்கள் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் ஆட்கள். உங்கள் நகைச்சுவைக்குச் சாட்சியாக அவர்களைக் கூப்பிடாதீர்கள்.

உண்மையில் உங்கள் சிரிப்பு டிராமைப் பற்றியதே இல்லை. அதில் வருகிறவர்களைப் பற்றியது. "இன்னும் டிராமிலா வருகிறாய்?" என்று என்னிடமே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்! கடனில் வாங்கிய கார் வாசலில் நின்றால்தான் மனிதரா?

இன்னொன்று. சனிக்கிழமை நான் டிராமில் நேரத்துக்கு வந்து நாற்காலி அடுக்கினேன். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று குத்துவிளக்கு ஏற்றிய பிறகு வந்து சேர்ந்தவர் அந்த அண்ணர்தான்.