ராணுவத் தோற்றம் வேறு, ராணுவத் தரம் வேறு

கறுப்பு முகப்பு, உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண்கள், நைலான் பட்டை: இவை இருந்தால் அந்தக் கைக்கடிகாரம் ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது சரியில்லை. அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். 'மிலிட்டரி ஸ்டைல்' என்பது தோற்றத்தை மட்டுமே சொல்கிறது.

தரம் என்றால் அதற்கு ஓர் எண் இருக்கும். உதாரணமாக, அமெரிக்க ராணுவம் 1964-இல் வெளியிட்ட மில்-டபிள்யூ-46374 என்ற கைக்கடிகாரத் தர ஆவணம். நேரத் துல்லியம், நீர் எதிர்ப்பு, அதிர்ச்சி தாங்குதல் எல்லாவற்றுக்கும் அதில் வரையறை உண்டு. அந்தத் தரத்தின்படி ராணுவ ஒப்பந்தத்தில் செய்த கடிகாரங்களின் பின்மூடியில் தர எண், ஒப்பந்த எண், தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும்.

ஆகவே முதலில் கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியிலோ கையேட்டிலோ தர எண் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். எண் சொன்னால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'அசிஸ்ட்' தளத்தில் அந்த ஆவணத்தை இலவசமாகத் தேடி எடுத்து ஒப்பிடலாம். எண்ணே சொல்லாமல் 'ராணுவத் தரம்' என்று மட்டும் திரும்பச் சொன்னால் அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனால் மலிவான ஃபீல்டு வாட்ச் (இந்த ராணுவத் தோற்றக் கடிகாரம்) மோசம் என்று ஆகிவிடாது. எளிதில் படிக்க முடிகிற முகப்புக்காகவே அன்றாடம் அணிய அது நல்ல தேர்வு. நீரையும் அடியையும் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் அந்த மாடலின் கையேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.