விதை கொண்டுபோன வட்டி

ஐந்திணையைப் பள்ளியில் நாம் அட்டவணையாகத்தான் படித்தோம். மருதம் என்றால் வயல், உழவர், நெல். நெய்தல் என்றால் கடல், பரதவர், மீன். தேர்வுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால், சங்க காலத்தில் இந்த மண்ணில் உழைத்தவர்களின் அன்றாடத்தை அந்த அட்டவணை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

நற்றிணையின் 210ஆம் பாடலைப் பாருங்கள். அறுவடை முடிந்த வயலை மறுபடி உழுது, ஈரம் காயாத சேற்றில் விதைக்கப் போகிறார்கள். விதை சுமந்துபோன வட்டிகள் (கூடைக்கு அன்றைய பெயர் அது) திரும்பும்போது மீனைச் சுமந்து வருகின்றன. அவ்வளவுதான் காட்சி. உழவரின் வயலே மீன் பிடிக்கும் இடமாகவும் இருந்தது. நீர் வடியும் வயலில் வராலைத் துரத்திப் பிடித்து வளர்ந்த எவருக்கும் இதற்கு உரை தேவைப்படாது.

அதே வட்டி ஐங்குறுநூற்றின் 48ஆம் பாடலில் வேறொருத்தியின் கையில் வருகிறது. வலைவீசுவதில் வல்லவனான பாணனின் மகள் தான் கொண்டுவந்த வராலை ஒரு வீட்டில் கொட்டுகிறாள். அந்த வீட்டுப் பெண், வெறுமையான வட்டியில் ஓராண்டு பழகிய வெண்ணெல்லை நிறைத்து அனுப்புகிறாள். புதுநெல்லைவிடப் பழைய நெல்லின் சோறுதான் உதிரியாக வரும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது இன்றும் நம் வீடுகளில் தெரிந்த செய்தி. ஆகவே அவள் கொடுத்தது வீட்டில் இருந்தவற்றுள் நல்ல நெல்லை. கொடுப்பவளும் கொள்பவளும் பெண்கள் என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அகநானூற்றின் 140ஆம் பாடலிலும் சேரியில் கைவளை ஒலிக்க நடந்து, நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவி விற்பவள் உமணரின் மகள்தான்.

இப்பாடல்களைக் காதல் பாடல்கள் என்று மட்டும் வாசித்துக் கடந்துவிடுகிறோம் என்பதே என் மனக்குறை. நற்றிணை 45இல், தேரில் வரும் செல்வரின் மகனைப் பார்த்துத் தோழி, சுறாவை அறுத்து உணக்கப் போட்டுப் பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கும் எங்கள் மேல் புலவு நாறும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள். மறுப்பாக மட்டும் இதைப் படித்தால், கருவாடு காயும் மணலில் வெயிலில் நின்றபடி பகல் முழுவதும் காக்கும் அந்த உழைப்பு நம் கண்ணில் படாமலே போய்விடும். இரவிலோ, நற்றிணை 175 காட்டுவதுபோல், கிளிஞ்சலில் மீன்நெய் ஊற்றி ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் பரதவர் உறங்குகிறார்கள். அவர்களின் விளக்கு எரிவதற்கும் கடல்தான் கொடுக்க வேண்டும். முழுநிலவு நாளில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடலுக்குப் போகாமல் மனைவியரோடு உண்டு ஆடியதைப் பட்டினப்பாலை சொல்லும்போது, அவர்களுக்கு ஓய்வு கிடைத்ததே என்று எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்து அது பொற்காலம் என்று எழுதுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உழவர்களின் பழைய நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்விக்க வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் போய்ப் பாட வேண்டியிருந்தது என்பதைப் புறநானூறு 35 சொல்கிறது. உன் படையின் வெற்றியே உழுபடையின் விளைச்சல்தான் என்று அரசனின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு புலவருக்குத் துணிவு வந்ததென்றால், அந்தப் பாக்கி எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்!

நான் அடிக்கடி திரும்பிப் போகும் பாடல் நற்றிணை 60. எருமை பூட்டி உழும் உழவன் உறக்கம் இல்லாமல் குளிர்ந்த விடியலில் எழுந்து, வரால் துண்டங்கள் மிதக்கும் குழம்போடு பெருஞ்சோற்றைக் கைநிறைய அள்ளி உண்டுவிட்டு, நடவுப் பெண்களோடு நாற்று முடியை அழுத்தக் கிளம்புகிறான். வயலில் கோரையும் நெய்தலும் அவனுக்குக் களைகள். அவற்றைப் பிடுங்கிவிடாதே, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வளையும் அணியும் அவைதான் என்று அவனிடம் கேட்டுக்கொள்கிறாள் தோழி.